மூச்சுக்கு இடம்

மூச்சுப் பத்தவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் அவன் நெஞ்சைப் பார்ப்பதில்லை. இடுப்பைப் பார்ப்பேன். எதன்மேல் உட்கார்ந்திருக்கிறான், வேட்டியை எந்த இடத்தில் இறுக்கியிருக்கிறான், முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நிற்கிறதா தாழ்ந்து கிடக்கிறதா, இதையெல்லாம் பார்த்த பிறகுதான் கையிலிருக்கும் நாயனத்துக்கு வருவேன். பெரும்பாலும் அதற்குள்ளேயே கோளாறு அகப்பட்டுவிடும்.

காங்கேயத்தைச் சுற்றிச் சிவன்மலை, நத்தக்காடையூர், வெள்ளகோவில், சென்னிமலை என்று கல்யாணத்துக்கும் கோயில் நோம்பிக்கும் நாதசுரம் வாசித்தே குடும்பம் நடத்தியவன் நான். கச்சேரி மேடைகளில் பெயர் வாங்கியதில்லை, வாங்க ஆசைப்பட்டதும் இல்லை. ஊர்ப்பக்கம் "மேளக்காரர்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், அவ்வளவுதான். இப்போது பல் ஆட்டம் கண்டுவிட்டதால் வாசிப்பதைக் குறைத்துக்கொண்டு, திண்ணையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ராகம் பற்றி எழுத என்னைவிடத் தேர்ந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். உட்காருவதும் நிற்பதும் மூச்சை என்ன செய்யும் என்பதை மட்டும் உடம்பிலேயே படித்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும், தொழிலுக்கு வராமல் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கும் அது உதவும்.

எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்ததில் பாதி வாயால் வந்தது, பாதி கையால் வந்தது. நாம் வாசித்துக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் பின்னால் வந்து உட்காருவார். இரண்டு உள்ளங்கையையும் நம் கடைசி விலா எலும்புகளின்மேல், முதுகுப் பக்கமாகப் பதிய வைப்பார். அழுத்த மாட்டார். மூச்சு எடுக்கும்போது அந்தக் கை இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும். விலகாவிட்டால், "என்ற கைக்கு ஒண்ணுமே வரலியே கண்ணு, மூச்சை எங்க கொண்டுபோயி வெச்சே?" என்பார். நாம் பயத்தில் தோளைத் தூக்கி இன்னும் வேகமாக இழுப்போம். உடனே ஒரு கை விலாவை விட்டுத் தோளுக்கு வந்து, மெல்ல, மிக மெல்ல, அதைக் கீழே இறக்கும். "தோள்லயா சாமி மூச்சு இருக்குது?" அந்தக் கையின் சூடு இன்னும் என் முதுகில் இருக்கிறது. இன்றைக்கு என் பிள்ளைகளின் முதுகில் நான் கை வைக்கும்போது அவர் அழுத்தாமல் விட்டது ஏன் என்று விளங்குகிறது. அழுத்தினால் பிள்ளை அந்தக் கையை எதிர்த்துத் தள்ளும். தள்ளுகிற உடம்பில் சதை எல்லாம் இறுகிப்போய், மூச்சு மேலே ஏறிக்கொள்ளும்.

விலாவில் எதற்குக் கை வைத்தார் என்பதை ஒரு டாக்டர்தான் பின்னாளில் எனக்குப் படம் போட்டுக் காட்டினார். நுரையீரலுக்குத் தானாக விரியும் சக்தி கிடையாது. அதன் அடியில் குடை கவிழ்த்தது மாதிரி உதரவிதானம் என்று ஒரு சதைத் தகடு இருக்கிறது. அது சுருங்கிக் கீழே இறங்கும்போதுதான் நுரையீரல் கீழ்ப்பக்கம் விரிந்து காற்று உள்ளே வருகிறது. இறங்குகிற தகட்டுக்குக் குடலும் ஈரலும் இடம் விட வேண்டும். அவை முன்னால் தள்ளப்படுவதால் வயிறு எழும்புகிறது, கீழ் விலாக்கள் பக்கவாட்டில் விரிகின்றன. கூனி உட்கார்ந்தால் வயிறு மடிந்து, விலா இடுப்பெலும்பின் பக்கம் சரிந்து, உள்ளே இருப்பவற்றுக்கு நகர இடமில்லாமல் போகிறது. தகடு பாதி வழியிலேயே நின்றுவிடும். அப்போது கழுத்துச் சதையும் தோள்பட்டைச் சதையும் மேல் விலாவைத் தூக்கி ஒப்பேற்றப் பார்க்கும். அந்தச் சதைகள் ஓடும்போதும் இருமும்போதும் கைகொடுக்க வேண்டியவை, நாள் முழுக்க மூச்சு இழுக்க அவற்றால் ஆகாது. சாயங்காலம் கழுத்து வலிக்கிறது என்று தைலம் தேய்க்கிறவர்களில் பலருக்கு வலி அங்கிருந்து வருகிறது.

டாக்டர் இன்னொரு கணக்கும் சொன்னார். அதைப் பிள்ளைகளுக்குச் சுவரில் கரியால் எழுதிக் காட்டுவேன். சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். ஒரு மூச்சுக்குச் சுமார் அரை லிட்டர், அதாவது 500 மில்லி காற்று. அதில் 150 மில்லி மூக்கிலும் மூச்சுக்குழாயிலுமே நின்றுவிடுகிறது, ரத்தத்தில் கலக்கும் இடத்துக்குப் போவதே இல்லை. நிதானமாக 12 மூச்சு, தலைக்கு 500 மில்லி என்றால் மொத்தம் 6 லிட்டர், பயன்படுவது 4,200 மில்லி. கூனிக்கொண்டு 20 சின்ன மூச்சு, தலைக்கு 300 மில்லி என்றாலும் மொத்தம் அதே 6 லிட்டர்தான். ஆனால் பயன்படுவது 3,000 மில்லி. உழைப்பு அதிகம், வரும்படி குறைவு. எட்டாவது படித்த எனக்கே இது புரிந்தது, உங்களுக்கும் புரியும்.

சரி, எப்படி உட்காருவது? சம்மணம் போட்டுத் தரையில் தட்டையாக உட்கார்ந்தால் பலருக்கு முழங்கால் தரையைத் தொடாது, மேலே நிற்கும். முழங்கால் மேலே நின்றால் இடுப்பெலும்பு பின்னால் உருளும். இடுப்பு பின்னால் உருண்டபின் முதுகு வளையாமல் என்ன செய்யும்? அந்த ஆளைப் பார்த்து "நிமிர்ந்து உட்காரு" என்று கத்துவதில் பிரயோசனம் இல்லை. நிமிர்வான், இரண்டு நிமிஷத்தில் சரிவான். எங்கள் வாத்தியார் வீட்டில் பழைய பவானி ஜமக்காளம் ஒன்று இருந்தது, சாயம் போனது, ஓரம் பிரிந்தது. அதை நாலாய் மடித்து உட்காருமிடத்துக்குக் கீழே மட்டும் வைப்பார், தொடைக்கு வராது. இடுப்பு கொஞ்சம் உயர்ந்தவுடன் முழங்கால் தானாகத் தாழும், இடுப்பு முன்னால் வரும், முதுகு யாரும் சொல்லாமல் எழும்பும். உட்காரும் இடத்தில் இரண்டு எலும்பு முனை இருக்கிறது, கையை அடியில் வைத்தால் தட்டுப்படும். அந்த இரண்டின்மேலும் பாரம் சமமாக விழ வேண்டும். சில பிள்ளைகளுக்கு ஒரு மடிப்புப் போதும், வண்டியிலும் நாற்காலியிலுமே வளர்ந்த பிள்ளைகளுக்குத் தலையணையே வேண்டியிருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலிதான் எங்கள் தொழிலுக்கு வந்த சனி. அதன் இருக்கை பின்பக்கமாகப் பள்ளம் விழுந்திருக்கும். சாய்ந்தால் இடுப்பு அந்தப் பள்ளத்தில் விழுந்து முதுகு பிறை மாதிரி ஆகிவிடும். வேறு வழியில்லாமல் அதில் உட்கார வேண்டி வந்தால் முன் விளிம்புக்கு வந்துவிடுங்கள், பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதியட்டும், முதுகு நாற்காலியைத் தொட வேண்டாம். ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கும் இதே பாடம்தான்.

கூனுவது தப்பு என்றவுடன் எதிர்ப்பக்கம் ஓடிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். என்.சி.சி.யில் இருந்த ஒரு பையன் வந்தான். உட்கார்ந்தால் ஈட்டி நட்டது போல இருப்பான், நெஞ்சு முன்னால், தோள் பின்னால், கீழ் முதுகு உள்ளே குழிந்து கிடக்கும். பார்க்க அழகுதான். ஆனால் சரளி வரிசையில் ஒரு ஆவர்த்தனம் முடியுமுன் முகம் சிவந்துவிடும். அவன் அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்: "எம்பட பையன் எப்பவும் நிமுந்துதானுங்க உக்காருவான்." நெஞ்சை அப்படித் தூக்கி நிறுத்தியதும் விலா எல்லாம் மூச்செடுப்பதற்கு முன்னாலேயே விரிந்து நின்றுவிடுகிறது. பிறகு விரிய என்ன மிச்சம்? அவனைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, வயிற்றின்மேல் ஒரு சின்னத் துணிப்பையில் அரிசி கட்டி வைத்தேன். இது வாத்தியார் வைத்தியம். மூச்செடுக்கையில் பை எழ வேண்டும், விடுகையில் தாழ வேண்டும், நெஞ்சு சும்மா கிடக்க வேண்டும். முதலில் அவனுக்குத் தலைகீழாக வந்தது: நெஞ்சு ஏறியது, பை இறங்கியது. இழுக்கும்போது வயிற்றை உள்ளே எக்கிப் பழகியிருந்தான். நாள் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில் அந்தப் பையோடு படுத்துக் கிடந்தான். நாயனத்தையே தொடவில்லை. அவன் அப்பாவுக்குக் கோபம், சம்பளம் கொடுத்துப் பையனைத் தூங்க வைக்கிறேனாம். பிறகு அவன் எழுந்து உட்கார்ந்து சட்ஜமத்தைப் பிடித்தபோது அந்த அப்பாவே வாசலில் நின்று கேட்டார்.

வாத்தியத்தைப் பிடிப்பதற்கு வருவோம். திமிரி நாயனம் குட்டை, சுருதி ஏறியது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கையில் புகழ் பெற்ற பாரி நாயனம் நீளமானது, சுருதி இறங்கி இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்பது. இன்றைக்கு நாம் கற்றுக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் பாரிதான். நாதம் கனமாகக் கிடைத்தது, கூடவே பாரமும் வந்தது. ஆச்சா மரத்து உலவு என்கிற குழல், அடியில் அணசு என்கிற விரிந்த வாய், மேலே கெண்டையும் ஊதுகிற சீவாளியும் சேர்ந்தால் கை நீட்டித் தாங்க வேண்டிய நீளம் இரண்டரை அடியைத் தாண்டும். கை சலித்தவுடன் பிள்ளைகள் இரண்டு காரியம் செய்வார்கள். ஒன்று, முழங்கையை விலாவோடு ஒட்டி முட்டுக் கொடுப்பார்கள். விரியவேண்டிய விலாவைத் தன் கையாலேயே பூட்டுவது அது. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை போகும் இடம் இருக்க வேண்டும், வாத்தியார் அந்த இடத்தில் கையை விட்டுப் பார்ப்பார். மற்றொன்று, அணசைத் தாழவிட்டுவிடுவார்கள். அணசு தாழ்ந்தால் தாடை நெஞ்சில் முட்டும், தொண்டை நெருங்கும். நேரே தூக்கிப் பிடித்தாலும் ஆகாது, கழுத்து பின்னால் மடிந்து பிடரி இறுகும். நாயனம் வாய்க்கு வர வேண்டும், வாய் நாயனத்தைத் தேடிப் போகக் கூடாது. தலையை அதன் இடத்தில் வைத்துக்கொண்டு, வாத்தியத்தைக் கொண்டுவந்து உதட்டில் பொருத்தி, அந்தச் சாய்வு எதுவோ அதுதான் உங்கள் சாய்வு. ஆளுக்கு ஆள் அது மாறும். என் சாய்வை நீங்கள் காப்பி அடித்தால் உங்கள் கழுத்து கெடும்.

கழுத்து முன்னால் நீளுகிறது என்றால் உடனே உடம்பைத் திட்டாமல் சீவாளியையும் பார்க்க வேண்டும். கொறுக்கைத் தட்டையில் செய்யும் இந்தச் சின்னப் பொருள்தான் எங்கள் பாதி ஆயுளைத் தின்கிறது. திருவாவடுதுறைப் பக்கம் செய்து வருவதை வாங்கி, எச்சிலில் ஊறவைத்து, குச்சியால் வாயைத் திறந்து, அமுக்கிப் பார்த்துப் பழக்க வேண்டும். கட்டையான சீவாளி கிடைத்த பிள்ளை அதைப் பேசவைக்க அதிகமாக முக்க வேண்டியிருக்கும். முக்கும்போது தலை முன்னால் போகும், தோள் ஏறும், வயிறு கல்லாகும். நாம் உட்கார்ந்த நிலையை ஆயிரம் தடவை திருத்தினாலும் மறுநாள் அப்படியே இருக்கும், ஏனென்றால் குற்றம் உதட்டில் இருக்கிறது. அதனால் புதிதாய் வருகிறவர்களுக்கு நான் வாசித்து இளகவைத்த சீவாளியைத்தான் கொடுப்பேன்.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று இங்கே மேய்ச்சல் காட்டையெல்லாம் உலுக்கி எடுக்கும். தாராபுரம் ரோட்டில் காற்றாலைகள் எதற்கு நிற்கின்றன என்று அந்த மாதங்களில் வந்தால் தெரியும். காவிரிக் கரையில் செய்த சீவாளி இந்தக் காற்றில் வாயிலிருந்து எடுத்தவுடன் காய்ந்து, இரண்டு இதழும் ஒட்டிக்கொள்ளும். காற்றை எதிர்த்து நின்று வாசிப்பவன் தன்னை அறியாமல் தலையைக் குனிந்து தோளைக் குறுக்கிக்கொள்வான். அந்த மாதங்களில் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நில்லுங்கள், முடியாவிட்டால் பக்கவாட்டில் நில்லுங்கள். தவில்காரரிடம் சொன்னால் அவரும் சேர்ந்து திரும்பிக்கொள்வார், கோபிக்க மாட்டார்.

இனி வேட்டி. தொப்புளுக்கு மேலே இறுக்கிக் கட்டி அதற்குமேல் பெல்ட்டும் போட்டால் வயிறு எழும்ப வழியில்லை. தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்பின்மேல் கட்டுங்கள். கட்டிய பிறகு உட்கார்ந்து மூச்சிழுத்துப் பார்த்துவிட்டு வெளியே கிளம்புங்கள், நின்றபடி கட்டுவது உட்காரும்போது இறுகும். பேன்ட் போடுகிறவர்களுக்கும் அதே. சாப்பிட்டவுடன் வாசிக்க உட்காராதீர்கள் என்பதற்கும் காரணம் இதுதான், வயிறு நிரம்பினால் உதரவிதானம் இறங்க இடம் குறைகிறது. கல்யாண வீட்டில் "மொதல்ல சாப்டுட்டு வாசிங்க" என்று அன்பாகச் சொல்வார்கள். இட்லி ஒன்றோடு எழுந்துவிடுங்கள், கெட்டிமேளம் ஆன பிறகு விருந்து எங்கும் ஓடிப்போகாது.

இதோடு சேர்ந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. எங்களுக்கு முந்தின தலைமுறையில் பெரிய வீட்டு வாசலில் வாசிக்கும்போது மேல்துண்டை இடுப்பில் வரிந்து கட்டி, கொஞ்சம் குனிந்து நின்று வாசிக்க வேண்டும், அதுதான் மரியாதை. அந்தக் குனிவு சிலருக்கு உடம்போடு தங்கிவிட்டது. வீட்டில் தனியாகச் சாதகம் பண்ணும்போதும் அப்படியே நிற்பார்கள். எங்கள் வாத்தியாருக்கு அது ஆகவே ஆகாது. "கும்புடறப்ப குனி. வாசிக்கறப்ப நிமுரு. ரெண்டையும் ஒண்ணாப் பண்ணாதே" என்பார். அதனால் சில வீடுகளில் அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். அடுத்த வருஷமும் அவரைத்தான் கூப்பிட்டார்கள், வேறு யார் அந்த நாதத்தைக் கொடுப்பது?

நடந்துகொண்டே வாசிப்பது தனி வித்தை. சாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கும்போது கால், தவில், மூச்சு மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். சிவன்மலையில் தைப்பூசத்துக்குத் தேர் மலையைச் சுற்றி வரும், கூட்டம், புழுதி, வெயில். நிற்கும் இடத்தில் பாரம் இரு காலிலும் சமமாக, முழங்கால் விறைக்காமல் சற்று இளகி இருக்கட்டும். முழங்காலை விறைத்தால் கீழ் முதுகு குழிந்து என்.சி.சி. பையனின் கதை ஆகிவிடும். மேடு வந்தால் உடம்பு முன்னால் சாயத்தான் செய்யும். இடுப்பு மடிப்பிலிருந்து சாய்ந்தால் குற்றமில்லை, முதுகை வளைத்துச் சாய்ந்தால்தான் வயிறு மடிந்து மூச்சு அறுபடும். மேட்டில் நீளப் பிடிகளை வைத்துக்கொள்ளாதீர்கள், சின்னச் சின்ன சங்கதியாக உடைத்துக்கொள்ளுங்கள். சமதளம் வந்தபிறகு உங்கள் வீராப்பைக் காட்டலாம்.

அதே மலையில் படியேறி வருகிற ஜனங்களைக் கவனித்திருக்கிறேன். மூச்சு வாங்கும்போது எல்லோரும் முன்னால் சாய்ந்து முழங்காலில் கையூன்றி நிற்பார்கள். பக்கத்தில் யாராவது ஒருவர் "நிமுந்து நில்லுங்க" என்று அதட்டுவார். அதட்ட வேண்டாம். கை ஊன்றியதும் தோளின் பாரம் இறங்கி, தோள்பட்டைச் சதைகள் விலாவைத் தூக்க உதவுகின்றன. இரைப்பு உள்ளவர்கள் திண்ணையில் உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றுவதும் அதற்குத்தான். உடம்பு அந்த நேரத்துக்குத் தெரிந்து செய்கிற உபாயம் அது, ஆசுவாசம் வந்தபின் நிமிர்ந்துகொள்ளலாம்.

என்னிடம் வருகிறவர்களில் எல்லோரும் தொழிலுக்கு வருகிறவர்கள் இல்லை. கல்லுக்குப் பட்டை தீட்டுகிற ஒருவர் வந்தார். இந்தப் பக்கத்தில் பூமியில் கல் கிடைப்பதும் அதைத் தீட்டுவதும் பழைய தொழில், படியூர்க் கல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாள் முழுக்கச் சாணை முன்னால் மூக்கு தொடுகிற மாதிரிக் குனிந்திருந்து, சாயங்காலம் நாயனம் எடுத்தால் இரண்டு ஸ்வரத்துக்கு ஒரு மூச்சு. திண்ணையில் என்ன திருத்தினாலும் மறுநாள் திரும்பிவிடும். ஒரு நாள் அவர் பட்டறைக்கே போய்ப் பார்த்தேன். சாணை தரையோடு தரையாக இருந்தது, விளக்கு தலைக்கு மேலே. கல் தெரியவேண்டும் என்றால் அவர் குனிந்துதான் ஆக வேண்டும். பலகை போட்டுச் சாணையை உயர்த்தி, விளக்கைக் கல்லுக்குப் பக்கத்தில் இறக்கினோம். அவ்வளவுதான் செய்தோம். மூச்சுப் பாடம் எதுவும் புதிதாகச் சொல்லவில்லை. வேலையைக் கண்ணுக்கு உயர்த்துவது, கண்ணை வேலைக்குத் தாழ்த்தாமல் இருப்பது. தறிக்காரருக்கும் தையல்காரருக்கும் கைபேசியில் கவிழ்ந்து கிடக்கிற பிள்ளைக்கும் நான் இதையே சொல்லுவேன். பத்து மணி நேரம் கூனியிருப்பதை அரை மணி நேரச் சாதகம் ஈடுகட்டாது. எவ்வளவு நல்ல நிலையானாலும் அதிலேயே மணிக்கணக்கில் உறைந்திருக்கவும் கூடாது. எழுந்து நடந்துவிட்டு வந்து உட்காருங்கள்.

இளைப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைக் கூட்டிவந்து "நாயனம் ஊதுனா செரியாப் போயிருமுங்களா?" என்று கேட்கிறார்கள். ஆகாது என்று சொல்லிவிடுவேன். அது மூச்சுக்குழாயின் வியாதி, உட்காரும் விதத்தால் வந்ததல்ல. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள், அவர் சரி என்று சொன்னால் என்னிடம் வாருங்கள். ஒழுங்காக உட்கார்ந்தால் இருக்கிற மூச்சை வீணாக்காமல் இருக்கலாம், அந்த அளவுக்குத்தான் என் சரக்கு.

மூச்சு எடுப்பதைப் பற்றியே பேசினேன். விடுவதுதான் பெரிசு. புதிதாய் வருகிறவர்கள் எல்லோரும் இழுப்பதிலேயே குறியாக இருப்பார்கள். உள்ளே பழைய காற்று பாதி நிற்கும்போதே மேலே மேலே இழுத்து நிரப்பினால் நெஞ்சு முட்டும், காற்று இருந்தும் பத்தாததுபோலத் தவிக்கும். முழுசாக விட்டால் அடுத்த மூச்சு நீங்கள் இழுக்காமலே உள்ளே வரும். இதை எனக்குக் காட்டியவர் நாதசுரத்துக்குச் சுருதியாக ஒத்து வாசித்த ஒரு பெரியவர். இப்போது மின்சாரச் சுருதிப்பெட்டி வந்து ஒத்து போய்விட்டது. அந்தக் காலத்தில் கற்றுக்குட்டியை முதலில் ஒத்துப் பிடிக்கத்தான் உட்கார வைப்பார்கள். ஒத்துக்கு விரல் வேலை கிடையாது, ஒரே சுருதி, இடையில் அறுபடக் கூடாது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை உதட்டால் தள்ளிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சு எடுக்க வேண்டும். அந்தப் பெரியவர் வாசிக்கும்போது அவர் மூச்செடுக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் பந்தயம் கட்டுவோம். தோள் அசையாது, தலை அசையாது. உற்றுப் பார்த்தால் வேட்டி மடிப்புக்கு மேலே வயிறு மட்டும் லேசாக எழும்பித் தாழும். விரலுக்கு வேலை இல்லாததால் அவர் கவனம் முழுக்க உட்கார்வதிலும் மூச்சிலுமே இருந்தது. ஒத்தை ஒழித்ததில் மேளத்துக்கு ஒரு ஆள் கூலி மிச்சமாகியிருக்கலாம். கற்றுக்குட்டிக்கு மூச்சுப் பழகிய பள்ளிக்கூடம் போய்விட்டது என்பதுதான் என் அபிப்பிராயம். சுருதிப்பெட்டியைக் குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பழனிக் கோயிலின் பள்ளியிலும் கோயம்புத்தூர் அரசு இசைக் கல்லூரியிலும் முறையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள், சான்றிதழும் கிடைக்கும், வேலைக்கும் உதவும். வசதி இருக்கிறவர்கள் அங்கே போங்கள். என் திண்ணைக்குத்தான் வருவேன் என்றால் நாயனம் வாங்கிக்கொண்டு வர வேண்டாம். நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, பெருமைக்காக முதல் நாளே ஒன்றை வாங்கி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அது பீரோவில் கிடந்து காய்வதைத்தான் பார்க்கிறேன். விடிகாலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள். தளர்ந்த உடுப்பு, மடித்து உட்கார ஒரு பழைய போர்வை, ஒரு சின்னப் பையில் அரிசி, இவை போதும். ஆரம்பத்தில் கொஞ்ச காலத்துக்கு உட்காருவதும் படுப்பதும் வாய்ப்பாட்டும்தான் நடக்கும், அது பொறுக்காதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அரிசியைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போய்விட வேண்டும். எறும்பு வருகிறது.